ஆடி மாதத்துப் படம்

சுகந்தியின் ஆடி மாதத்துப் படத்தைத் தை மாதத்திலேயே அவளுக்குக் காட்டியவள் பிரபாவதி.

அவிநாசி சாலையில் இருந்த அந்த மருத்துவமனையில் மேமோகிராம் எடுப்பது பிரபாவதியின் வேலை. பதினான்கு வருடமாக அதையே செய்துவந்தாள். இரண்டு தட்டுகளுக்கு நடுவில் மார்பை வைத்து அழுத்தும்போது எங்கே நிறுத்தினால் படம் தெளிவாக விழும், எதற்கு மேல் போனால் அந்தப் பெண் மறுமுறை அந்தப் பக்கமே வரமாட்டாள் என்பது அவள் கைக்குத் தெரியும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை உண்டு. கம்பெனி வேனில் முப்பது, நாற்பது பேராக வந்து இறங்குவார்கள்.

சுகந்தி ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். நாற்பத்தாறு வயது. கூச்சப்பட்டு வரமாட்டேன் என்றவர்களையெல்லாம் அதட்டியும் கேலி செய்தும் வேனில் ஏற்றி வந்தவள் அவள்தான். எல்லோருக்கும் முன்னால் தானே உள்ளே போனாள். வெளியே வந்து, கதவிடுக்கில் கை மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு நிமிடம் இருக்கும், அவ்வளவுதான் என்று சொல்லி அடுத்த ஆளை உள்ளே தள்ளினாள்.

அவளுடைய இடது மார்பில் ஒரு நிழல் தெரிந்தது. எட்டு மில்லிமீட்டர். உருண்டையாக இருந்தது, ஒரு பக்கத்து விளிம்பு மட்டும் தெளிவில்லை. பிரபாவதி அன்றைக்கே சிறிய தட்டை மாட்டி, அந்த இடத்தை மட்டும் அழுத்தி இன்னொரு படம் எடுத்தாள். படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் ரேடியாலஜிஸ்ட் டாக்டர் மகுடேஸ்வரன், ஸ்கேன் கருவியை வைத்தும் பார்த்தார். பெரும்பாலும் சாதாரணக் கட்டியாகத்தான் இருக்கும் என்றார்.

'பெரும்பாலும்' என்கிற அந்த ஒரு சொல்லுக்கு முன்பெல்லாம் ஆறு மாதம் தேவைப்பட்டது. இப்படிப்பட்ட நிழலை உடனே ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தை அதே கோணத்தில் மறுபடி எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். மாறாமல் இருந்தால் பயமில்லை. வளர்ந்திருந்தாலோ விளிம்பு கெட்டிருந்தாலோதான் ஊசி. ஆனால் ஆறு மாதம் கழித்துப் பத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். ஷிப்டை விட முடியாது, ஊருக்குப் போய்விட்டார்கள், போன் நம்பர் மாறிவிட்டது, வீட்டில் சொல்லப் பயம். பிரபாவதியே போன் போட்டுப் போட்டு அலுத்திருக்கிறாள்.

ஒரு வருடத்துக்கு முன்பு அதற்கு ஒரு வழி வந்தது. சென்னை நிறுவனம் ஒன்று செய்த மென்பொருள். பெயர் 'முன்னோக்கு'. இன்றைய படத்தைக் கொடுத்தால் ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து அந்த மார்பு எப்படி இருக்கும் என்பதை அது படமாக வரைந்து தரும். வரைந்த படத்தில் மாற்றம் இல்லையென்றால் மறுபரிசோதனை முடிந்ததாகப் பதிவாகிவிடும். டாக்டர் கையெழுத்துப் போடுவார். பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்புவது பிரபாவதியின் பொறுப்பு.

சுகந்தியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து அவள் அதைச் சொன்னாள். சுகந்தி கண்ணை இடுக்கிப் படத்தைப் பார்த்தாள். துணியில் ஊசி ஓட்டை தேடுகிற பார்வை.

"இன்னும் ஆறு மாசமே ஆகலியே. எப்புடீங்க ஆடி மாசத்துப் படம்?"

"இன்னைக்கு எடுத்ததை வெச்சு வரையுதுக்கா. உங்க வயசு, ரத்தப் பரிசோதனை, உங்களை மாதிரி லட்சக்கணக்கான பேருக்கு எப்படி மாறுச்சுங்கறது, எல்லாத்தையும் பாக்கும். உங்களுக்கு மாறல. அதே எட்டு மில்லிமீட்டர். பாருங்க, ஒரு வருசம் கழிச்சும் அதேதான்."

"அப்ப நான் வரவேண்டியதில்லீங்களா?"

"வேண்டியதில்ல. நீங்க வந்துட்டுப் போனதாவே அர்த்தம்."

சுகந்தி சிரித்தாள். இனி ஷிப்டுக்கும் இந்த மாதிரி முன்கூட்டியே வந்துவிட்டதாக எழுதிக்கொள்ளச் சொல்லலாம் என்றாள். அவள் கூட்டி வந்த நாற்பது பேரில் ஆறு பேருக்குச் சந்தேக நிழல் இருந்தது. ஆறு பேரிடமும் பிரபாவதி அதையே சொன்னாள். எல்லோரும் நிம்மதியாக வேனில் ஏறிப் போனார்கள். போன் போட்டுக் கெஞ்சுகிற வேலை ஒழிந்ததில் அவளுக்கும் நிம்மதிதான்.

வைகாசியில் ஒரு நாள் சுகந்தி தனியாக வந்தாள். வரவேற்பில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, ஆறு மாதப் பரிசோதனை, ஒரு வருடப் பரிசோதனை இரண்டும் முடிந்திருப்பதாகவும், திட்டத்திலிருந்து அனுமதி எண் வராமல் சீட்டுப் போட முடியாது என்றும் சொல்லிவிட்டாள். அனுமதி எண்ணைத் தட்டாமல் எக்ஸ்ரே இயந்திரமும் படம் எடுக்காது. சுகந்தி ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒருவருக்குப் படம் எடுத்து முடித்து அடுத்தவரை அழைக்க வெளியே வந்த பிரபாவதியை வழியில் நிறுத்தினாள். கையைத் தூக்கினால் இடது பக்கம் ஒரு இடத்தில் தோல் உள்ளே இழுக்கிறது என்றாள்.

பிரபாவதி நின்றபடியே, படமெல்லாம் சுத்தமாக இருக்கிறதே, மாதவிலக்கு நிற்கப் போகிற வயதில் அப்படி இப்படித்தான் இருக்கும் என்றாள். வரிசையில் இன்னும் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தொட்டுப் பார்க்கவில்லை.

"மெசினே சொல்லீருச்சுன்னா சரீங்க மேடம்" என்று சொல்லிவிட்டுச் சுகந்தி போனாள். அவள் வந்து போனதற்கு எங்கேயும் பதிவில்லை. சீட்டே போடவில்லையே.

ஆடியில் அந்தக் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பெண்களுக்கு ஒரு விழிப்புணர்வுப் பேச்சு. மருத்துவமனை சார்பில் பிரபாவதி போயிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் சுகந்தியின் மேல் போனது. சுகந்தி துணிக்கட்டுகளை வலது கையால் மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாள். இடது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. பேச்சு முடிந்ததும் பிரபாவதி அவளைத் துணி மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

பதினான்கு வருடத்தில் எத்தனையோ கட்டிகளை அவள் கை தொட்டிருக்கிறது. வழுக்கிக்கொண்டு ஓடுபவை உண்டு, ரப்பர் போல அமுங்குபவை உண்டு. இது அசையவில்லை. கூழாங்கல்லைச் சுவரில் பதித்த மாதிரி இருந்தது. மேலே தோல் ஆரஞ்சுப் பழத் தோலாக மாறியிருந்தது.

"ஏனக்கா மறுபடி வரல?"

"நீங்கதான சொன்னீங்க, வந்துட்டுப் போனதா அர்த்தம்னு."

சுகந்தி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. காலையில் ஏழரைக்கெல்லாம் மருத்துவமனைக்கு வந்துவிடச் சொல்லிவிட்டுப் பிரபாவதி கதவைத் திறந்தாள்.

மேமோகிராம் இயந்திரத்தைத் தினமும் காலையில் ஒருமுறை சோதிக்க வேண்டும். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கட்டை இருக்கிறது. உள்ளே மார்புக் கட்டிகளைப் போலவே சின்னச் சின்னத் துணுக்குகள் பதித்திருப்பார்கள். அதைத் தட்டில் வைத்துப் படம் எடுத்து, துணுக்குகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். கட்டைக்கு அனுமதி எண் தேவையில்லை. மறுநாள் காலை ஏழரை மணிக்குப் பிரபாவதி சோதனை முறையைத் திறந்தாள். கட்டை இருக்க வேண்டிய இடத்தில் சுகந்தி நின்றாள்.

திரையில் படம் வந்ததும் பிரபாவதி கட்டியை அளந்தாள். இருபத்திரண்டு மில்லிமீட்டர். நாலாபக்கமும் முள் முளைத்திருந்தது. படத்தின் கீழே நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சோதனைக் கட்டை' என்று இருந்தது.

அவள் அதை டாக்டர் மகுடேஸ்வரனிடம் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சுகந்தியை வரச்சொல்லிக் கையால் சோதித்துவிட்டு, கோவையில் தனக்குத் தெரிந்த அறுவை மருத்துவருக்கு அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுத்தார். சுகந்தி போனபின் பிரபாவதி நகரவில்லை.

"சார், முன்னோக்கு எவ்வளவு சரியா வரையுதுன்னு சொல்றாங்க?"

"நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதே முக்கால்."

"எப்படிச் சொல்றாங்க?"

"அது வரைஞ்ச படத்தையும், அதே பொம்பளைக்கு அப்புறமா நெசமா எடுத்த படத்தையும் ஒப்பிட்டுப் பாத்து."

"நெசமா எடுக்கத்தான் யாரையும் கூப்பிடறதில்லையே சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வராதவர்கள் எல்லாம் சரியென்று எடுத்துக்கொள்ளப்படுகிறார்கள் என்றார். நோய் முற்றி வேறு ஊருக்கோ வேறு மருத்துவமனைக்கோ போகிறவர்களின் விவரம் இங்கே வந்து சேர்வதில்லை. ஆக, தவறு என்று காட்ட ஆளே இல்லை. இதெல்லாம் முதலிலேயே அவருக்குத் தெரியுமா என்று பிரபாவதி கேட்டாள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, கேட்கவில்லை என்று அவர் சொன்னார். அந்த அளவுக்கு நேர்மையானவர்தான்.

கோவையில் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய். அக்குள் முடிச்சுகளுக்கும் பரவியிருந்தது. மருத்துவர்கள் முதலில் மருந்தால் கட்டியைச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுவை என்றார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை ஊசி. முதல் ஊசி நல்லபடியாகப் போனது. சுகந்தியின் மகள் தாரணி, ஈரோட்டில் கல்லூரி இரண்டாம் வருடம் படிப்பவள், விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவுடன் வந்து இருந்தாள்.

இரண்டாவது ஊசிக்கு முன்னால் திட்டத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுபரிசோதனைக்கு அழைத்தும் வராமல் நோயை முற்றவிட்டவர்கள் சிகிச்சை வரிசையில் பின்னால் வைக்கப்படுவார்கள் என்பது திட்டத்தின் விதி. சுகந்தியின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. மறு ஊசிக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். தாரணி மருத்துவமனைக்குப் போன் செய்து, தன் அம்மாவை யாரும் அழைக்கவே இல்லையே என்று கேட்டாள்.

பிரபாவதி டாக்டரின் அறைக்கு ஓடினாள். அவர் சுகந்தியின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தை மாதத்தில் முன்னோக்கு வரைந்த ஆறு மாதப் படம் திரையில் இருந்தது. எட்டு மில்லிமீட்டர் உருண்டையைக் காணோம். இருபத்திரண்டு மில்லிமீட்டர், முள் முளைத்த கட்டி. கீழே தை மாதத் தேதி. அதற்குக் கீழே டாக்டரின் கையெழுத்து. பக்கத்தில், 'வளர்ச்சி தெரிகிறது. நோயாளியை உடனே அழைக்கவும்'. அதற்கடுத்து, 'நோயாளி வரவில்லை'.

இரண்டு நாள் கழித்துச் சென்னை நிறுவனத்திலிருந்து விநோதினி என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். மரியாதையாகப் பேசினாள். மென்பொருள் ஒவ்வொரு முறை மேம்படும்போதும் பழைய படங்களையெல்லாம் மறுபடி வரைந்துகொள்ளும் என்று விளக்கினாள். சிறந்த படமும் அதற்கேற்ற குறிப்பும் மட்டும் பதிவில் நிற்கும், பழையது அழிந்துவிடும். சோதனை முறையில் எடுத்த அந்தப் படம் இயந்திரத்திலிருந்து தங்களுக்கு வந்ததாகவும், பழைய படத்தோடு பொருத்தி அது சுகந்தியுடையதுதான் என்று மென்பொருள் கண்டுகொண்டதாகவும், அதிலிருந்து முன்னோக்கு நிறையக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னாள். அதற்காக நன்றி கூடச் சொன்னாள். அனுமதியில்லாமல் ஒரு பெண்மேல் கதிர் பாய்ச்சியது பற்றி மேல்நடவடிக்கை எதையும் தாங்கள் கேட்கப் போவதில்லை என்றாள்.

"தை மாசத்துல அது சுத்தமான படத்தைத்தான் வரைஞ்சுது. நான் என் கண்ணால பாத்தேன். அவங்களுக்கும் காட்டினேன்" என்றாள் பிரபாவதி.

"இருக்கலாம் மேடம். ஆனா பதிவுல அப்படி ஒண்ணு இல்லையே."

விநோதினி ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தாள். நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணம் என்று ஒரு கேள்வி. இரண்டு கட்டங்கள். நோயாளி வரவில்லை. ஊழியர் தெரிவிக்கவில்லை. நோயாளிமேல் தவறில்லை என்று காட்ட வேண்டுமானால் இரண்டாவதை நிரப்பினால் போதும், அன்றைக்கே சிகிச்சை பழைய வரிசைக்கு வந்துவிடும் என்றாள்.

"படம் தப்புன்னு ஒரு கட்டம் இல்லீங்களா?"

"படம் தப்பில்லையே மேடம். பாருங்க, சரியாத்தானே இருக்கு."

அவள் திரையைப் பிரபாவதியின் பக்கம் திருப்பினாள். அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் படம் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது.

விநோதினி போனபின் டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வழக்குப் போடலாம், ஆனால் கையில் எதுவும் இல்லை. தன் கையெழுத்தே இப்போது அந்தப் புதிய படத்தின் கீழேதான் இருக்கிறது. எதிர்த்து நின்றால் வருடக்கணக்காகும், சுகந்திக்கு வெள்ளிக்கிழமை ஊசி. இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொன்றையும் சொன்னார்.

"ஊழியர் மேல தப்புன்னா ஒரு விதி இருக்கு. அந்த ஊழியர் கையாண்ட எல்லாரையும் நேர்ல கூப்பிட்டு மறுபடி படம் எடுக்கணும். அனுமதி எண் தானா வந்துரும். மெசின் மேல தப்புன்னா என்ன செய்யறதுன்னு விதியே எழுதல. அப்படி நடக்கும்னு அவங்க நினைக்கல."

"எல்லாரையுமா?"

"ஒரு ஆளுக்குச் சொல்ல மறந்தேன்னா அந்த ஒரு ஆளோட முடிஞ்சிரும். வழக்கமாவே சொல்லாம விட்டேன்னு எழுதிக் குடுத்தாத்தான் எல்லாரும்."

ஒன்றரை வருடத்தில் வரைந்த படத்தைக் காட்டி அவள் அனுப்பிவைத்த பெண்கள் ஆயிரத்து நாற்பத்தெட்டு பேர். அவர் அவளை எழுதச் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. அவரும் கூடச் சேர்ந்து எழுதுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்று பிரபாவதி காத்திருந்தாள். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலையும் போனால் அந்த இடத்துக்கு வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாது, மறுபடங்களைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்று பின்னாளில் அவர் காரணம் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

பிரபாவதி அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுதினாள். வேலைப் பளுவால், முன்னோக்கு வரைந்த படங்களின் முடிவை நோயாளிகளிடம் சரிவரத் தெரிவிக்காமல் விட்டேன். வளர்ச்சி காட்டிய படங்களைப் பார்த்தும் பலரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினேன். இது எனக்கு வழக்கமாக இருந்தது. இரண்டு இடத்தில் பேனா நின்றது. கையெழுத்துப் போட்டு டாக்டரின் மேசையில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சுகந்திக்கு இரண்டாவது ஊசி போட்டார்கள். அதே வாரம் பிரபாவதியின் உரிமத்தை ரத்து செய்தார்கள். உள்ளூர்ச் செய்தியில் அவள் பெயர் வந்தது, நல்லவேளையாகப் படம் வரவில்லை. வீட்டில் அவள் கணவன் ரகுபதியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தாள். அவன் நம்பினான். ஆனாலும் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருவேளை ஒன்றிரண்டு பேருக்கு நிஜமாகவே சொல்லாமல் விட்டிருப்பாளோ, அவ்வளவு கூட்டத்தில் மறந்திருக்கலாமே என்று மெதுவாகக் கேட்டான். அவள் குழம்பை எடுத்து வைத்தாள்.

ஐப்பசியில் மறுபடங்கள் தொடங்கின. நாளுக்கு இருபது பேர். டாக்டர் வாரம் ஒருமுறை போன் செய்து, நோய் தெரிந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்வார். முதல் வாரம் யாருமில்லை. இரண்டாவது வாரம் இரண்டு பேர். கார்த்திகை நடுவில் மொத்தம் ஏழு பேருக்குப் புற்றுநோய் உறுதியாகியிருந்தது. ஐந்து பேருக்கு ஆரம்ப நிலை, காப்பாற்றிவிடலாம். ஒவ்வொருவரின் பழைய பதிவையும் திறந்தபோது, முன்னோக்கு அந்த நோயைச் சரியாக வரைந்து வைத்திருந்தது. ஒவ்வொரு பதிவிலும் 'ஊழியர் தெரிவிக்கவில்லை' என்று இருந்தது. ஏழுக்கு ஏழும் சரி என்று மென்பொருளை மேலும் நான்கு மாவட்டங்களுக்குக் கொண்டுபோக முடிவு செய்திருந்தார்கள்.

ஏழு குடும்பங்களில் ஒன்று அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. ஒரு பெரியவர் வாசலில் நின்று அவள் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பிரபாவதி சுகந்தியைப் பார்க்கக் கிளம்பினாள். போகக்கூடாது என்று அவளுக்கே தெரியும். ஒரே ஒருத்தியிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது. சுகந்தி அன்று தன்னோடு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள். டாக்டரை விட்டால், தன்னைப் போலவே அந்தப் படத்தைப் பார்த்த ஒரே ஆள்.

அங்கேரிப்பாளையத்தில் மாடிப் பகுதியில் ஒரு சிறிய வீடு. சுகந்தி கட்டிலில் சாய்ந்திருந்தாள். தலையில் பருத்தித் துணி கட்டியிருந்தாள், புருவம் உதிர்ந்திருந்தது. அறுவை முடிந்து மூன்று வாரம். தாரணி கடைக்குப் போயிருந்தாள். சுகந்தி பிரபாவதியை உட்காரச் சொல்லவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து திட்டம் அனுப்பிய கடிதத்தை எடுத்தாள். கூடவே அந்தப் படத்தின் நகல் இருந்தது. தை மாதத் தேதி போட்டது.

"பிள்ளை படிச்சுச் சொல்லுச்சு. இதுல தை மாசமே இருக்குது. இவ்ளோ பெருசா." படத்தின்மேல் விரலை வைத்தாள். "எனக்கு நீங்க காட்டுனது வேற யாரு படமுங்க?"

பிரபாவதி வாயைத் திறந்தாள். சொல்ல வந்ததெல்லாம் வரிசையாக நாக்கில் இருந்தது. சொன்னால் சுகந்தி சும்மா இருக்க மாட்டாள். நாற்பது பேரை அதட்டி வேனில் ஏற்றியவள். தாரணி எழுதுவாள், இரண்டு பேருமாகப் போய்ச் சாட்சி சொல்வார்கள். ஊழியர்மேல் தவறில்லை என்று ஆகும். அன்றைக்கே அனுமதி எண்கள் நின்றுவிடும். இன்னும் நானூற்றுப் பத்துப் பேர் பாக்கி. சுகந்திக்கும் மருந்து இன்னும் முடியவில்லை.

"வேற ஒருத்தரோடதுக்கா."

"தெரிஞ்சேவா?"

"ஆமா."

"வைகாசியில நான் வந்து நின்னனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

சுகந்தி அழவில்லை. கடிதத்தை மடித்து வைத்தாள், முதல் முறை மடிப்பு சரியாக வராமல் பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஆடி மாசம் நீங்களா வந்து தொட்டுப் பாத்தப்போ, எங்க அம்மா இருந்திருந்தா இப்படித்தான் பாத்திருப்பாங்கன்னு நினைச்சேன். போயிருங்க. பிள்ளை வந்தா என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது."

பிரபாவதி படியிறங்கினாள். பாதிப் படியில் காய்கறிப் பையோடு தாரணி எதிரில் வந்தாள். அவளுக்கு இவளை அடையாளம் தெரியாது. ஒதுங்கி வழிவிட்டு, பார்த்துப் போங்க, கீழே இரண்டு படி உடைந்திருக்கிறது என்றாள்.

பேருந்தில் கூட்டம் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். சுடிதாரில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு புலம்பினாள். போன வருடம் எடுத்த மார்புப் படத்தை மறுபடி எடுக்க வரச்சொல்லித் திங்கட்கிழமை காலைக்குச் செய்தி வந்திருக்கிறதாம். எல்லாம் நன்றாக இருக்கிறது, வரவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். அந்த முகம் பிரபாவதிக்கு நினைவுக்கு வந்தது. அவள் படத்தில் வலது பக்கம், மேல் ஓரம், சுண்ணாம்புப் பொடி தூவியது போல நுண்ணிய புள்ளிகள். அந்தப் பெண்ணுக்கு இவளைத் தெரியவில்லை. படம் எடுக்கும் அறையில் எல்லோரும் அவளைத் தொப்பியும் முகக்கவசமுமாகத்தான் பார்த்திருந்தார்கள்.

"எவளோ ஒருத்தி வேலைய ஒழுங்காப் பாக்கலையாம், அதுக்கு நாம அலையோணுமாம். எனக்கெல்லாம் ஒண்ணும் இருக்காதுங்க. நல்லாப் பேசுனா அந்தப் பொண்ணு, பொறுமையா எல்லாம் சொன்னா. அவளப் போயி இப்படிச் சொல்றாங்கன்னா எனக்கு நம்பிக்கையே வரல. நான் போகப் போறதில்ல."

பிரபாவதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய நிறுத்தம் வந்துகொண்டிருந்தது.

"போயிட்டு வந்துருங்கக்கா" என்றாள். "நான் அவகூட வேலை பாத்திருக்கேன். அவ அப்படிப்பட்டவதான்."